வெயிலில் கம்பளிக் கொசுவம்: ஹைலாந்து உடையின் வெப்பமண்டல வரலாறு

ஸ்காட்லாந்தின் வடபகுதியாகிய ஹைலாந்து, அதாவது மேட்டுநிலம், மழைக்கும் மூடுபனிக்கும் பேர்போனது. ஜூலைத் திங்களிலும் அங்குப் பல இடங்களில் பகல் வெப்பத்தின் சராசரி உச்சம் 20 பாகையைத் தொடுவதில்லை. அந்நிலத்து மாந்தர் ஆட்டு உரோமத்தால் நெய்து இடுப்பில் சுற்றிய உடை, 18ஆம் நூற்றாண்டு தொடங்கி மேற்கிந்தியத் தீவுகளிலும் வட இந்தியச் சமவெளியிலும் சூடான் பாலையிலும் நம் சிங்கப்பூரிலும் அணியப்பட்டது. ஆண்டு முழுவதும் நண்பகல் 31 முதல் 33 பாகை வரை காய்வதும், காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதுமான இத்தீவில் கம்பளி உடுத்து ஒருவர் எவ்வாறு நிற்க முடிந்தது? இவ்வுரை அவ்வினாவிலிருந்து புறப்படுகிறது. வேட்டியும் கைலியும் உடுத்து வளர்ந்த நமக்கு இதனைக் கேட்கும் உரிமை மற்றவரைவிடச் சற்று மிகுதியாகவே உண்டு.

கில்ட் வெப்பமான உடை என்பது பொதுவான எண்ணம். அது பாதியளவே சரி என்பது நம் கருத்து. இதனை விளங்கிக்கொள்ள, உடையின் கட்டுமானத்தை முதலில் பார்த்துவிட வேண்டும்.

முழு அளவுக் கில்ட் ஒன்றுக்கு இரட்டை அகலத் துணியில் 4 கஜம் வேண்டும். அதனை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இணைப்பதால் 8 கஜம் என்பர். முன்புறத்தில் மடிப்பில்லாத இரு முந்திகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். எஞ்சிய துணி முழுவதும் பின்புறத்தில் கொசுவமாக அடுக்கித் தைக்கப்படும். நம் பாட்டியர் உடுத்திய பின்கொசுவச் சேலையைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். கஜத்திற்கு 16 அவுன்ஸ் எடையுள்ள துணியில் தைத்தால் கில்ட் மட்டுமே ஏறத்தாழ 1.8 கிலோ நிற்கும். படைவீரர்க்கு வழங்கப்பட்ட துணியோ இதனினும் கனமானது.

இவ்வளவு துணியும் தங்கும் இடம் இடுப்பும் அதன் கீழ் ஒரு சாணும்தான். அங்கே கொசுவம் பல அடுக்காகத் தைத்து இறுக்கப்பட்டிருக்கும். அதன்மேல் தோல் வார், அதன்மேல் ஸ்போரன் எனும் தோற்பை. வேர்வை தங்குவதும் வேர்க்குரு அரும்புவதும் அந்த வளையத்தில்தான். அதற்குக் கீழே கொசுவம் விரிந்து தொங்குகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அது விசிறியாக அசைகிறது. தொடைக்கும் துணிக்கும் இடையே காற்று புகுந்து வெளியேறுகிறது. கம்பளி இழைக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்வாங்கிய பின்னரும் தொட்டால் ஈரமென்று தோன்றாது, தோலோடு ஒட்டிக்கொள்ளாது. எனவே இடுப்பில் அடுப்பும் முழங்காலில் சாளரமும் கொண்ட உடை என்று கில்ட்டைச் சொல்லலாம். பின்வரும் வரலாற்றில் இவ்விரண்டும் மாறி மாறித் தலைகாட்டுவதைக் காண்போம்.

இன்று நாம் காணும் சிறிய கில்ட் தோன்றியதைப் பற்றி வழங்கும் கதையே வெப்பத்தோடு தொடர்புடையது. அதற்கு முன்னிருந்தது பெரிய பிளெய்ட்; இடுப்பில் வாரிட்டுச் சுற்றியபின் மிச்சத்தைத் தோளில் ஏற்றிப் போர்த்துக்கொள்ளும் நீண்ட ஒற்றைத் துணி. இரவில் அதுவே படுக்கை, மழையில் அதுவே குடை. 1720களில் கிளென்காரிப் பகுதியில் இரும்பு உருக்காலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர், உலைக்கருகே வேலைசெய்வோர்க்குத் தோள்துணி இடைஞ்சலாயிருப்பதைக் கண்டு, அதனை வெட்டிக் கீழ்ப்பாதியை மட்டும் தனியுடையாக்கினார் என்பது அக்கதை. ஸ்காட்லாந்தின் தேசிய உடையை வடிவமைத்தவர் ஓர் ஆங்கிலேயர் என்பதைப் பொறாத பலர் இதனை மறுப்பர். அதற்கு முன்பே சிறிய கில்ட் இருந்ததென்பர். அவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. சூடு மிகும் இடத்தில் உடையின் ஒரு பகுதியைக் கழற்றிவைப்பது அம்மக்களுக்குப் புதிதன்று என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. 1689 ஜூலையில் கில்லிகிராங்கிப் போரில் ஹைலாந்து வீரர் பிளெய்ட்டைக் களைந்தெறிந்துவிட்டே மலைச்சரிவில் பாய்ந்திறங்கினர்.

குளிர்நாட்டு உழவனின் இவ்வுடை வெப்பநாடுகளுக்குப் போனதற்குக் காரணம் ஒரு சட்டம். 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின், ஹைலாந்து உடையைத் தடைசெய்து 1746இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. முதன்முறை மீறினால் 6 மாதச் சிறை. மறுமுறை மீறினால் 7 ஆண்டு கடல்கடந்த தோட்டங்களுக்கு நாடுகடத்தல். அரசரின் படையில் பணிபுரிவோர்க்கு மட்டும் விலக்கு. 1782இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை, ஹைலாந்து ஆடவன் ஒருவன் தன் தந்தையின் உடையை அச்சமின்றி உடுக்கக்கூடிய இடம் படைதான். அப்படையோ பேரரசு விரிந்த திசையெல்லாம் அனுப்பப்பட்டது. தன் ஊரில் குற்றமாயிருந்த உடையை அயலான் ஊரைப் பிடிக்கப் போகும்போது மட்டும் உடுக்கலாம் என்பது எத்தகைய பேரம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வெப்பமண்டலத்தில் கில்ட்டா கால்சட்டையா என்னும் வாதத்தை எழுத்தில் வைத்தவருள் முதன்மையானவர் கார்த் என்னும் ஊரின் டேவிட் ஸ்டுவர்ட். 42ஆம் படைப்பிரிவாகிய பிளாக் வாட்சில் பணிபுரிந்தவர். ஹைலாந்து மக்களையும் படைப்பிரிவுகளையும் பற்றி 1822இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1795இல் அப்படைப்பிரிவு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்படும் வேளையில், வெப்பநாட்டுக்கு ஏற்ற உடை என்று கருதி மேலிடம் ஒரு மாற்றம் செய்தது. பிளெய்ட் விலக்கப்பட்டது. ரஷ்யா டக் எனும் முரட்டு வெள்ளைத் துணியாலான கால்சட்டையும் வட்டத் தொப்பியும் வழங்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் அறிவுடைய ஆணைதான்: கம்பளிக்குப் பதிலாக மெல்லிய துணி. ஆனால் வீரர் பட்ட பாட்டை ஸ்டுவர்ட் பதிந்திருக்கிறார். அத்தீவுகளின் பெருமழையில் தொப்பி உருக்குலைந்தது. நனைந்த கால்சட்டை காலோடு ஒட்டிக்கொண்டது. காய நெடுநேரம் பிடித்தது.

வியர்வையும் மழையும் ஓயாத நாட்டில், துணி மெல்லியதா கனமானதா என்பதைவிட அது தோலோடு ஒட்டுகிறதா விலகி நிற்கிறதா என்பதே முதன்மையானது. மலாயாவின் தோட்டப்புறங்களில் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி வேலைசெய்த நம் முன்னோர்க்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்ததில்லை. ஆணை பிறப்பித்தவர்கள் மழையில் நனையாதவர்கள், அதுவே குறை.

ஸ்டுவர்ட்டின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய பெருவிழாவில், மன்னரின் ஹைலாந்து உடையை ஒழுங்குபடுத்தியவருள் இவரும் ஒருவர். மன்னர் கில்ட்டுக்குக் கீழே தோல்நிறத்தில் இறுக்கமான காலுறை அணிந்து வந்ததைக் கண்டு ஊரே நகைத்தது. அவ்விழாவுக்குப் பின்னரே, தடைசெய்யப்பட்டிருந்த மலைவாழ்நர் உடை செல்வர் வீட்டு விழாவுடையாயிற்று. பட்டையும் வெள்ளியும் சரிகையும் ஏறின. ஸ்டுவர்ட் பின்னர் செயிண்ட் லூசியாத் தீவின் ஆளுநராகச் சென்று, 1829 டிசம்பரில் அங்கேயே காய்ச்சலால் மாண்டார். அத்தீவுகளில் ஐரோப்பியப் படைகளை அழித்தது கொசு பரப்பிய நோய். கில்ட்டோ கால்சட்டையோ அதற்கு முன் பெரிதில்லை. அதனை அக்காலத்தார் அறிந்திருக்கவில்லை. உடையைப் பற்றி அவ்வளவு மன்றாடியதற்கு, உண்மைப் பகை எதுவென்று தெரியாமையும் ஒரு காரணமென்று நாம் கருதுகிறோம்.

இந்தியாவுக்கு வருவோம். மெக்லவுட் பிரபுவின் ஹைலாந்து படைப்பிரிவு 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் பெற்ற வெற்றியில் அதன் இரு கம்பெனிகள் சிதைந்தன. அவற்றோடு இருந்த டேவிட் பெயர்ட் சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டினத்தில் 1784 வரை அடைபட்டிருந்தார். அக்காலத்தில் இந்தியாவிற் பணிபுரிந்த ஹைலாந்து படைப்பிரிவுகள் சில, தட்பவெப்பத்தைக் காரணங்காட்டிக் கில்ட்டை விலக்கி வெள்ளைக் கால்சட்டைக்கு மாறின. 1809இல் அரசு 6 படைப்பிரிவுகளின் கில்ட்டை அடியோடு நீக்கியபோது அவற்றுட் பல இந்தியாவில் நெடுநாள் இருந்தவையே. ஆனால் அவ்வாணைக்குச் சொல்லப்பட்ட காரணம் வெயிலன்று. ஹைலாந்தில் ஆள் கிடைக்கவில்லை. மற்றப் பகுதி மக்கள் கில்ட் அணிய விரும்பவில்லை. எனவே ஆள்சேர்ப்புக்காக உடை கைவிடப்பட்டது. உடை வரலாற்றில் வெப்பம் எப்போதும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. தீர்ப்போ வேறு கணக்கில் எழுதப்படுகிறது.

நம் பகுதிக்கு ஹைலாந்து வீரர் வந்த காலமும் ஏறக்குறைய அதுவே. 1811இல் ஜாவாப் படையெடுப்புக்காக மலாக்காவில் திரண்ட படைகளுள் 78ஆம் ஹைலாந்து படைப்பிரிவும் இருந்தது. தமிழ் முன்னோர் வழியையும் உடையவரும் தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, சிறுவனாகத் தாம் கண்ட அத்திரளைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியில் 93ஆம் படைப்பிரிவு கில்ட்டோடும், தீக்கோழி இறகாலான உயர்ந்த கருந்தொப்பியோடும் லக்னோவில் போரிட்டது. கறுப்பு இறகுத் தொப்பியை வட இந்திய வெயிலில் அணிவதைவிட மடமை உண்டோ என்று தோன்றும். அப்படைப்பிரிவில் இருந்த ஃபோர்ப்ஸ் மிட்செல் தம் நினைவு நூலில் அத்தொப்பியைப் போற்றியே எழுதினார். இறகுக்கூட்டின் உட்பகுதி பெரும்பாலும் வெற்றிடம். வெயில் மண்டையில் நேரே இறங்குவதில்லை. வாள்வெட்டையும் அது தாங்கியது. இதனை முழுதும் மறுப்பதற்கில்லை. காற்று சிறைப்பட்ட வெற்றிடமே வெப்பத்தடை என்பதால்தான், பின்னாளில் நெட்டித் தக்கையால் செய்த சோலா தொப்பி வெப்பநாட்டுப் படைகளுக்கெல்லாம் பொதுவாயிற்று. ஆனால் தம் படைப்பிரிவின் சின்னத்தைப் போற்றும் முதியவரின் பெருமிதமும் அச்சொற்களில் கலந்திருக்கிறது. லக்னோவில் அப்படைப்பிரிவின் முதற்பெரும் போர் நடந்தது நவம்பர் நடுவில் என்பதையும் மறக்கலாகாது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் ஒழுங்கு உருவாயிற்று. இறகுத் தொப்பி தாய்நாட்டிலேயே தங்கியது. வெப்பநாட்டில் வெள்ளைத் தலைக்கவசம். போருக்குப் போகும்போது தேயிலைச் சாற்றில் அதனைத் தோய்த்துப் பழுப்பாக்கிக்கொள்வர். சிவப்புக் கம்பளி மேற்சட்டை சிறிது சிறிதாக விலகிக் காக்கி டிரில் பருத்திச் சட்டை வந்தது. கில்ட் மட்டும் நின்றது. 1880 ஆகஸ்டில் காபூலிலிருந்து கந்தகாருக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டரை மூன்று வாரங்களில் கடந்த படையில் 92ஆம் கார்டன் ஹைலாந்தர் கில்ட்டோடே நடந்தனர். மேற்சட்டையையும் தலைப்பாகத்தையும் மாற்றிய பின் கில்ட் நடைக்கு இடையூறாயில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

கில்ட்டின் உண்மையான குறை வெளிப்பட்ட நாள் 1899 டிசம்பர் 11. தென்னாப்பிரிக்காவில் மாகர்ஸ்ஃபொன்டைன் என்னுமிடத்தில், மழை கொட்டிய இரவில் நடந்துசென்ற ஹைலாந்து படையணி, விடியலில் போயர்களின் பதுங்குகுழிகளுக்கு முன்னால் திறந்தவெளியில் சிக்கியது. தளபதி வோகோப் தொடக்கத்திலேயே வீழ்ந்தார். அசைந்தவர்மீது குண்டு பாய்ந்தது. எஞ்சியோர் தரையோடு முகம் பதித்து மணிக்கணக்கில் கிடந்தனர். அங்கே டிசம்பர் கடுங்கோடை. கில்ட்டின் ஓரத்துக்கும் காலுறைக்கும் இடைப்பட்ட முழங்காற் குழியின் மென்தோல் வெயிலில் வெந்து கொப்புளித்தது. பின்னர் நடக்கவே இயலாமல் துன்புற்றோர் பலர். அன்று பிரிட்டிஷ் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் 900க்கு மேல்.

அவ்வீரர் கில்ட்டின்மேல் காக்கி முன்றானை ஒன்று அணிந்திருந்தனர். டார்ட்டனின் கரும்பச்சை மஞ்சட் புல்வெளியில் தொலைவிலிருந்தே தெரியும் என்பதால் அது தரப்பட்டது. ஆனால் அது முன்பக்கத்தை மட்டும் மறைத்தது. ஹைலாந்து வீரன் பகைவனுக்கு எப்போதும் முகங்காட்டியே நிற்பான் என்று கருதினர் போலும். குப்புறக் கிடக்கும் வேளை ஒன்று வருமென்று எவரும் எண்ணவில்லை. பின்னர் முன்றானை பின்புறத்துக்கும் நீட்டப்பட்டது. நெடுநாள் நற்பெயர் பெற்றிருந்த அந்தச் சாளரம், நிழலற்ற வெளியில் அசையாது கிடப்பவனுக்குப் புண்ணாயிற்று. நடப்பவனுக்கு ஏற்ற உடை கிடப்பவனுக்கு ஏலாது.

முழங்காலுக்கு இன்னொரு பகை கொசு. மலேரியாவைக் கொசுவோடு இணைத்த சான்றை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். அதன்பின் வெப்பநாட்டுப் படைமுகாம்களில், பொழுது சாய்ந்ததும் சட்டைக்கையை இறக்கிவிட்டு நீண்ட கால்சட்டைக்கு மாறுவது நடைமுறையாயிற்று. பகலில் காற்று வாங்கிய முழங்காலை அந்தியில் மூடியாக வேண்டும். நூறாண்டுக்கு முன் ஸ்டுவர்ட்டின் தோழர்க்கு வழங்கப்பட்ட கால்சட்டை தவறான காரணத்துக்காக வந்தது. இம்முறை சரியான காரணத்துக்காக வந்தது.

இனி நம் ஊர். கார்டன் ஹைலாந்தர் படைப்பிரிவின் 2ஆம் பட்டாளம் 1937இல் சிங்கப்பூருக்கு வந்து, சாங்கியில் புதிதாகக் கட்டப்பட்ட சிலாராங் முகாமில் தங்கியது. ஆர்கைல் அண்ட் சதர்லாந்து ஹைலாந்தரின் 2ஆம் பட்டாளம் 1939இல் இந்தியாவிலிருந்து வந்தது. இதுவே லக்னோவில் போரிட்ட பழைய 93ஆம் படைப்பிரிவு. அணிவகுப்புக்கு வெள்ளைப் பருத்தி மேற்சட்டையும் கில்ட்டும். அன்றாடப் பணிக்குக் காக்கி அரைக்காற்சட்டை. போர் தொடங்கியதும் களத்தில் கில்ட் அணிவதைப் பிரிட்டிஷ் படைத்துறை நிறுத்திவிட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் நச்சுவாயு முதன்மையானது: வேர்வை படிந்த தோலை அவ்வாயு கொடிதாக எரிக்கும்.

ஆர்கைல் பட்டாளத்தின் தலைவர் இயன் ஸ்டுவர்ட், காடு கடக்க முடியாத அரண் என்று மற்றவர் நம்பியிருந்த காலத்தில், தம் வீரரை மலாயாக் காட்டுக்குள் இறக்கிப் பயிற்றினார். முட்செடியும் அட்டையும் சேறும் நிறைந்த அக்காட்டில் 8 கஜக் கொசுவத்துக்கு இடமேது? 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றுப் போரில் அப்பட்டாளம் பெரும்பகுதி அழிந்தது. ஜனவரி 31 காலையில், ஜோகூர்க் கடற்பாலத்தை இறுதியாகக் கடந்த படையினருள் எஞ்சிய ஆர்கைல் வீரரும் இருந்தனர். பைக்குழல் ஒலிக்க அவர்கள் நடந்துவந்தனர். உடையில் கில்ட் இல்லை. காதில் மட்டும் ஹைலாந்து இருந்தது.

அதன்பின் நேர்ந்ததை நம் மக்கள் அறிவர். சரணடைந்த கார்டன், ஆர்கைல் வீரர் பலர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். அவருள் மாண்டோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரிடையே சாவு அதனினும் பன்மடங்கு. பெயர்ப்பட்டியலும் கல்லறை வரிசையும் கைதிகளுக்குக் கிடைத்தன. நம்மவர்க்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. உடையைப் பற்றிய உரையில் இதனை ஏன் சொல்கிறோம் எனில், அப்பாதையில் எல்லா உடையும் ஒன்றாயிற்று. மழையிலும் வேர்வையிலும் துணி இற்றுப்போக, அபர்டீனிலிருந்து வந்தவனும் பேராக்கிலிருந்து வந்தவனும் கோவணத்தோடு கல்லுடைத்தனர். வெப்பமண்டலத்துக்கு எது ஏற்ற உடை என்று ஒன்றரை நூற்றாண்டாக வாதிட்டதெல்லாம் அங்கே பொருளற்றுப்போனது. உடுக்கும் உரிமையே பறிபோன இடம் அது.

போருக்குப் பின்னர் மலாயா அவசரகாலத்தில் வந்த கார்டன் ஹைலாந்தர் காட்டில் பச்சைப் பருத்தி உடையணிந்தனர். கில்ட் அணிவகுப்புக்கும் பைக்குழலோர்க்கும் விழா இரவுகளுக்கும் ஒதுங்கியது. ஸ்காட்லாந்து வணிகரும் தோட்டத்துரைகளும் நவம்பர் 30 அன்று கொண்டாடும் செயிண்ட் ஆண்ட்ரூ நாள் நடனங்கள் இங்கே நெடுநாளாக நடந்துவருபவை. வெப்பத்தை எவ்வாறு ஆள்வது என்பதைப் படைவீரர்க்குப் பின் கற்றவர்கள் இவ்விழாவினரே. அவர்களிடம் ஆணை பிறப்பிக்க எவருமில்லை. ஆதலால் விரைவில் கற்றனர்.

இன்று வெப்பநாட்டில் கில்ட் அணிவோர் கைக்கொள்ளும் முறையைப் பார்த்தால், முன்சொன்ன வரலாறு முழுவதும் அதனுள் அடங்கியிருப்பது தெரியும். முதலில் கழற்றப்படுவது கம்பளி மேற்சட்டையும் உட்சட்டையும். உடல்வெப்பம் பெரிதும் வெளியேற வேண்டிய மார்பையும் முதுகையும் அவையே அடைத்துவைத்திருந்தன. அவற்றுக்குப் பதில் தளர்ந்த பருத்திச் சட்டை. கனத்த காலுறைக்குப் பதில் மெல்லியது, அல்லது கணுக்காலுக்கு உருட்டிவிடுவது. 16 அவுன்ஸ் துணிக்குப் பதில் 10 அல்லது 11 அவுன்ஸ். 8 கஜத்துக்குப் பதில் 5 கஜம். இடுப்பு வார் அழகுக்கன்றி வேறு தேவைக்கில்லை, ஏனெனில் கில்ட் தன் பக்கவாரிலேயே நிற்கும். எனவே அதனையும் விட்டுவிடலாம். உட்காரும்போது கொசுவத்தைப் பின்னால் ஒழுங்காகத் தடவிவிட்டு அமர்ந்தால் கசங்காது. தொடைக்கடியில் துணி திரளாது. கில்ட்டுக்குள் என்ன அணிவது என்னும் பழைய கேலிக்கு இவ்வவையில் இடமில்லை. ஈரப்பதம் மிக்க நாட்டில் பருத்தி உள்ளாடையே உரசலைத் தடுக்கும் என்பதோடு நிறுத்துகிறோம்.

கம்பளியை விட்டுப் பருத்திக்கே மாறினால் என்ன என்று கேட்கத் தோன்றும். குறிப்பாகச் சென்னைக் கட்டத்துணி இருக்கையில். அத்துணியே ஸ்காட்லாந்துப் படைவீரரின் டார்ட்டனைப் பார்த்துச் சென்னை நெசவாளர் செய்த நகல் என்று துணிக்கடை விளம்பரங்களில் படிக்கிறோம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. சோழமண்டலக் கரையின் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டியதே அப்பகுதித் துணிக்காகத்தான். அவ்வூர்ப் பெயரே மலாய்மொழியில் கட்டம்போட்ட கைலிக்குக் காயின் பெலிக்காட் என்று நிலைத்துவிட்டது. ஹைலாந்து படைப்பிரிவுகள் சென்னைக்கு வருமுன்பே கடல்கடந்து விற்ற கட்டத்துணிக்கு அவர்கள் வந்து மாதிரி காட்டினர் என்பது காலக்கணக்குக்கு ஒவ்வாது. பிற்காலத்தில் சில கட்டங்கள் டார்ட்டன் வாங்குவோரின் சுவைக்கேற்ப மாறியிருக்கலாம். பிறப்பு வேறு, ஒப்பனை வேறு.

பருத்திக் கில்ட் தைப்பவர் இன்று உண்டு. ஆனால் பழைய தையற்காரர் அதற்கு இசைவதில்லை. அதற்குக் காரணம் பிடிவாதமன்று. முறுக்கேறிய கம்பளி நூல் வெம்மையும் ஈரமும் காட்டி அழுத்தினால் மடிப்பை நெடுநாள் பிடித்துவைக்கும். தொங்கும்போது தன் எடையாலேயே நேராகும். பருத்தி வேர்வை பட்டதும் துவண்டு கசங்கும், கொசுவம் கலையும், ஈரத்தில் ஒட்டும். ஸ்டுவர்ட்டின் தோழர் வெள்ளைக் கால்சட்டையில் பட்ட பாட்டின் சிறிய வடிவம் அது. வேட்டிக்குப் பருத்தி பொருந்துவது, அதனை அன்றன்று துவைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்வதால். தைத்து நிலைநிறுத்திய கொசுவத்துக்கு அவ்வசதி இல்லை.

ஆகவே இங்கே கில்ட் வைத்திருப்போர் கம்பளியையே பேணுகின்றனர், பேணுதல்தான் கடினம். அணிந்தபின் உடனே பெட்டியில் வைத்தால் நம் ஈரக் காற்றில் பூஞ்சை படரும். அந்துப்பூச்சி கொசுவத்தின் உள்மடிப்பையே முதலில் தேடும். அடிக்கடி துவைத்தால் துணி சுருங்கும். எனவே ஓரிரவு மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டு, நிழலில் உலர்த்தி, மடிப்புகளை நூலோட்டி இறுக்கி, அந்துருண்டை இட்டு எடுத்துவைக்கின்றனர்.